மிர்ட்டில்ஸ் மாளிகை, லூசியானா: பேய விடுங்க, அந்த வீட்டக் கட்டுன ஆளோட கதையக் கேளுங்க

லூசியானால செயின்ட் பிரான்சிஸ்வில் பக்கம் இருக்கற மிர்ட்டில்ஸ் மாளிகைக்குப் போறவங்க முக்காவாசி பேர் பேய் பாக்கத்தான் போறாங்க, அமெரிக்காவுலயே பேய் அதிகமா உலாவுற வீடுன்னு டிவிலயும் யூடியூப்லயும் அப்படி ஓட்டி வச்சிருக்காங்க. நாங்களும் குடும்பத்தோட போய் பகல் டூர், சாயங்கால டூர் ரெண்டும் பாத்துட்டு வந்தோம். ஹூஸ்டன், டல்லாஸ்ல இருக்கற நம்ம ஆளுங்க லாங் வீக்கெண்டுக்கு இந்த இடத்தப் பத்தி அடிக்கடி கேக்கறதால கொஞ்சம் விவரமாவே எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், கண்டிப்பா போங்க, வீடு அவ்ளோ அழகு. ஆனா போறதுக்கு முன்னாடி டேவிட் பிராட்ஃபோர்டுங்கற ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, அந்த வீட்டக் கட்டுனவர் அவர்தான், அவர் கதை தெரியாமப் போனா வெறும் பழைய சோஃபாவும் கண்ணாடியும் பாத்துட்டு வந்த மாதிரி ஆயிடும்.

ஹூஸ்டன்ல இருந்து ஐ-10 புடிச்சு பேட்டன் ரூஜ் வரைக்கும் போய், அங்க இருந்து யுஎஸ் 61ல வடக்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. வழியில அட்சாஃபலாயா சதுப்பு மேல பதினெட்டு மைல் நீளத்துக்கு ஒரு பாலம் வரும், ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள மரமா நிக்கும், பகல்ல போங்க, அதையும் பாத்த மாதிரி ஆச்சு. மிர்ட்டில்ஸ் ஹைவே மேலயே இருக்கு, ஆனா கேட்டுக்குள்ள நுழைஞ்சு ஓக் மரத்தடில கார நிறுத்தினதும் ஹைவே சத்தம் எங்க போச்சுன்னே தெரியல. மரத்துக்கு மரம் சாம்பல் கலர்ல ஸ்பானிஷ் மாஸ் சடை சடையாத் தொங்குது.

சரி, பிராட்ஃபோர்டு கதைக்கு வரேன்.

இந்த மனுஷன் லூசியானாக்காரர் இல்ல. மேரிலாண்டுல பொறந்து, மேற்கு பென்சில்வேனியால வாஷிங்டன்னு ஒரு சின்ன ஊர்ல (தலைநகரம் இல்ல, அது வேற) பெரிய வக்கீலா இருந்தவர், அந்த கவுன்டிக்கு அரசு வக்கீலும் அவர்தான். 1788ல அங்க கல்லால ஒரு வீடு கட்டுனார், அக்கம்பக்கம் எல்லாம் மரக்கட்டைய அடுக்கி வீடு கட்டி இருந்த காலத்துல அது அரண்மனை மாதிரி. காசு, பேரு, குடும்பம் எல்லாம் இருந்தது. அப்புறம் எதுக்கு எல்லாத்தையும் போட்டுட்டு ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் வந்து காட்டுக்குள்ள இன்னொரு வீடு கட்டணும்? அதுக்குக் காரணம் விஸ்கி.

1791ல அமெரிக்க அரசாங்கம் விஸ்கி மேல கலால் வரி போட்டாங்க, அப்ப நிதியமைச்சரா இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனோட ஐடியா அது, சுதந்திரப் போர்ல வாங்குன கடன அடைக்கணும்னு. கிழக்குப் பக்கம் இருந்த பெரிய ஆளுங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல. ஆனா மலைக்கு மேற்க இருந்த சின்ன விவசாயிங்களுக்கு விஸ்கிங்கறது குடிக்கற சரக்கு மட்டும் இல்ல, அதான் அவங்க பணமே. தானியத்த மூட்டை கட்டி குதிரை மேல ஏத்தி அப்பலாச்சியன் மலையத் தாண்டிக் கொண்டு போனா கூலிக்கே கட்டாது, ஒரு குதிரை தானியமா சுமந்தா நாலு புஷல் (நம்ம மரக்கால் மாதிரி தானியம் அளக்கற ஒரு அளவு) தான், அதையே காய்ச்சி விஸ்கி ஆக்கிட்டா இருபத்துநாலு புஷல் தானியத்தோட மதிப்ப அதே குதிரை சுமந்துடும்னு கணக்கு சொல்வாங்க. கைல காசே பொழங்காத ஊர்ல போய் வரிய காசாக் கட்டுன்னா எப்படி? அதுவும் பெருசா காய்ச்சறவனுக்கு கேலனுக்கு ஆற வரி கம்மி, சின்னதா காய்ச்சறவனுக்கு ஜாஸ்தி. கேஸ் போட்டா பிலடெல்பியா கோர்ட்டுக்கு முந்நூறு மைல் நடக்கணும். கடுப்பாகாம என்ன பண்ணுவாங்க.

1794 ஜூலைல கலவரம் வெடிச்சது. வரி வசூல் பண்ற அதிகாரி ஜான் நெவில்லோட பவர் ஹில் வீட்ட ஊர்க்காரங்க சுத்தி வளைச்சு எரிச்சாங்க, அவங்க பக்கம் ஜேம்ஸ் மெக்ஃபார்லேன்னு சுதந்திரப் போர்ல சண்டை போட்ட ஒரு ஆளு சுட்டுக் கொல்லப்பட்டார். அதுக்கப்புறம் தான் பிராட்ஃபோர்டு முழுசா உள்ள இறங்குறார். யார் நமக்கு எதிரா மேலிடத்துக்கு லெட்டர் போடறான்னு பாக்கறதுக்கு பிட்ஸ்பர்க்ல இருந்து போற தபால் பையையே வழில பறிக்க வச்சார். அரசு வக்கீல் பண்ற வேலையா அது! ஆகஸ்ட் 1ஆம் தேதி பிராடக்ஸ் ஃபீல்டுங்கற மைதானத்துல சுமார் 7000 பேர் கூடுனாங்க, அங்க இவரு ராணுவ ஜெனரல் யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு குதிரை மேல வந்து நின்னார்னு சொல்றாங்க. லூசியானால கடைசி வரைக்கும் அவர ஜெனரல் பிராட்ஃபோர்டுன்னு தான் கூப்பிட்டாங்க, மிர்ட்டில்ஸ்ல ஒரு ரூமுக்கே அந்தப் பேர் தான்.

ஜார்ஜ் வாஷிங்டன் சும்மா விடல. பதிமூணாயிரம் பேருக்குப் பக்கமா படை திரட்டி அவரே கிளம்பி வந்தார், பதவில இருக்கும்போது படையக் கூட்டிக்கிட்டு நேரா களத்துக்குப் போன ஜனாதிபதின்னா அவர்தான். படை வந்து சேர்றதுக்குள்ள கலவரம் அடங்கிப் போச்சு. ஏகப்பட்ட பேருக்கு மன்னிப்பு குடுத்தாங்க, ரெண்டு பேருக்கு மட்டும் தேசத்துரோகம்னு தீர்ப்பு ஆகி அவங்களையும் வாஷிங்டனே மன்னிச்சு விட்டுட்டார். ஆனா பிராட்ஃபோர்டு பேரு மன்னிப்பு லிஸ்ட்லயே இல்ல. மனுஷன் ஒஹையோ ஆத்துல படகு ஏறி, அப்படியே மிசிசிப்பி ஆத்துல கீழ கீழ வந்து ஸ்பெயின்காரங்க ஆண்ட பகுதிக்குத் தப்பிச்சுட்டார். ஜன்னல் வழியா குதிச்சு குதிரை ஏறி ஓடுனார்னு ஒரு கதை இருக்கு, அது அவங்க ஊர்ல சொல்ற கதை, நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இப்ப செயின்ட் பிரான்சிஸ்வில் இருக்கற இடம் அப்ப அமெரிக்காவே இல்ல, ஸ்பெயினோட மேற்கு ஃப்ளோரிடா. அங்க 650 ஏக்கர் நிலம் கிடைச்சு 1796ல இந்த வீட்டக் கட்டுனார். அப்ப அதுக்குப் பேரு மிர்ட்டில்ஸ் இல்ல, லாரல் குரோவ். 1799ல ஜான் ஆடம்ஸ் ஜனாதிபதியா இருக்கும்போது தான் இவருக்கு மன்னிப்பு வந்தது, அதுக்கப்புறம் 1801ல பொண்டாட்டி எலிசபெத்தையும் புள்ளைங்களையும் இங்க கூட்டிட்டு வந்தார். 1802ல அந்த விஸ்கி வரியையே ஜெஃபர்சன் ஆட்சில எடுத்துட்டாங்க. 1808ல பிராட்ஃபோர்டு செத்துப் போனார். எனக்கு ரொம்ப மனசுல நின்ன விஷயம் இதுதான்: 1803ல லூசியானாவ அமெரிக்கா விலைக்கு வாங்கும்போது கூட இந்தத் துண்டு நிலம் அந்த டீல்ல சேரல, 1810ல ஊர்க்காரங்க ஸ்பெயின தொரத்திட்டு மேற்கு ஃப்ளோரிடா குடியரசுன்னு தனி நாடு அறிவிச்சு ரெண்டரை மாசம் ஓட்டுனாங்க, அதுக்கு செயின்ட் பிரான்சிஸ்வில் தான் தலைநகரம், அதுக்கப்புறம் தான் அமெரிக்கா வந்து எடுத்துக்கிச்சு. அப்ப மன்னிப்பு கிடைச்சு ஒன்பது வருஷம் கழிச்சு செத்த பிராட்ஃபோர்டு, அப்பவும் ஸ்பெயின் ராஜா மண்ணுல தான் செத்தார்.

இப்ப வீட்டப் பத்தி.

ரோட்டுல இருந்து பாக்கும்போது முதல்ல கண்ணுல படறது அந்த வராண்டா, நூறடிக்கு மேல நீளம், ஓரம் முழுக்க வார்ப்பு இரும்புல திராட்சைக் கொத்து கொத்தா செஞ்ச கிராதி. இது பிராட்ஃபோர்டு கட்டுனது இல்ல. 1834ல வீட்ட வாங்குன ரஃபின் கிரே ஸ்டெர்லிங் குடும்பம் தான் வீட்ட ரெண்டு மடங்கா பெருசாக்கி, சுத்தி இருந்த கிரேப் மிர்ட்டில் மரங்கள வச்சு மிர்ட்டில்ஸ்னு பேர் மாத்துனாங்க. பிராட்ஃபோர்டு கட்டுனது மேற்குப் பக்கம் இருக்கற பகுதி. முன்னாடி நின்னு பாத்தா எங்க பழசு முடியுது எங்க புதுசு ஆரம்பிக்குதுன்னு சட்டுனு தெரியாது, கைடு காட்டுனதுக்கப்புறம் தான் புரியும், அதனால இதக் கேட்டு வாங்கிப் பாருங்க.

வாசக் கதவ சுத்தி கலர் கண்ணாடி, அதுல பிரெஞ்சு சிலுவை மாதிரி வேலைப்பாடு, கெட்டது உள்ள வராம இருக்கறதுக்குன்னு சொல்றாங்க. உள்ள நுழைஞ்சதும் ஹால்ல பக்காராங்கற பிரெஞ்சு கம்பெனி கிரிஸ்டல் சாண்டிலியர், முந்நூறு பவுண்டுக்கு மேல வெயிட். எல்லாரும் அண்ணாந்து அதையே பாத்துட்டு நிக்கறாங்க. நான் சொல்றேன், அதுக்குப் பக்கத்துல சுவரும் கூரையும் சேர்ற இடத்த பாருங்க. வலை மாதிரி ஓட்டை ஓட்டையா செதுக்குன பூ வேலை ஓடும், அது களிமண்ணு, ஸ்பானிஷ் மாஸ், மாட்டு முடி மூணையும் குழைச்சு செஞ்சது. நம்ம ஊர்ல செட்டிநாட்டு வீட்டுக்கு சுண்ணாம்போட கடுக்காயும் கருப்பட்டியும் சேத்து அரைச்ச மாதிரி தான், கைக்கு எட்டுன பொருள வச்சு காலத்துக்கும் நிக்கற மாதிரி பண்ணிருக்காங்க. மரத்துல தொங்கற அதே சடை தான் சுவருக்குள்ளயும் இருக்கு. யார் கை அதக் குழைச்சிருக்கும்னு நினைச்சுப் பாத்தேன், அந்தக் காலத்துல இந்த மாதிரி தோட்டங்கள்ல கஷ்டமான வேலை எதுவும் அடிமைங்க கை படாம நடந்தது இல்ல.

இங்க தான் எனக்கு பிராட்ஃபோர்டு மேல கோவம் வருது, சொல்லாம இருக்க முடியல. ஏழைப்பட்ட விவசாயிய அரசாங்கம் வரி போட்டு நசுக்குதுன்னு ஏழாயிரம் பேருக்கு முன்னாடி குதிரை மேல நின்ன மனுஷன், இங்க வந்து இறங்குனதும் அடிமைங்கள வச்சு வேலை வாங்குன தோட்ட முதலாளி ஆயிட்டார். ஒரு கேலனுக்கு சில சென்ட் வரி அநியாயம்னு தெரிஞ்சவருக்கு இது அநியாயம்னு தெரியலயா? இந்த ஒரு கேள்வி போதும், அந்த வீட்டுல ராத்திரி தூக்கம் வராம இருக்க. பேய் எதுக்கு?

ஆனா கூட்டம் வர்றது பேய்க்குத்தான், அதையும் சொல்லணும் இல்ல.

சாயங்கால டூர்ல வர்ற பெரிய கதை க்ளோயி கதை. தெரியாதவங்களுக்கு சுருக்கமா: பிராட்ஃபோர்டோட பொண்ணு சாரா மெட்டில்டாவ கல்யாணம் பண்ண கிளார்க் வுட்ரஃப், க்ளோயிங்கற அடிமைப் பொண்ண வச்சிருந்தாராம், அவ ஒட்டுக் கேட்டான்னு காத அறுத்துட்டாராம், அதனால அவ தலையில பச்சைத் துணி கட்டிக்கிட்டு இருந்தாளாம், அப்புறம் புள்ளைங்க பொறந்தநாள் கேக்குல அரளி இலை சாறக் கலந்துட்டாளாம், சாராவும் ரெண்டு பொண்ணுங்களும் செத்துட்டாங்களாம், மத்த அடிமைங்களே அவள தூக்குல போட்டு ஆத்துல வீசிட்டாங்களாம், அந்த ஆவி தான் பச்சை முண்டாசோட இன்னும் நடக்குதாம்.

கைடு நல்லா சொன்னாங்க, இருட்டுற நேரம், மரப்பலகைத் தரை, கேட்டா யாருக்கும் கொஞ்சம் புல்லரிக்கும். என் பையன் என் கைய விடவே இல்ல. ஆனா எங்க மாமியார் அரளின்னு நான் தமிழ்ல சொன்ன உடனே நின்னுட்டாங்க.

"ஏங்கண்ணு, அரளி எலைய காச்சி கேக்குல ஊத்துனா கசப்பு நாக்குல வைக்க முடியாதே, கொழந்தைங்க எப்படித் தின்னும்?"

"சர்க்கரை நிறைய போட்டிருப்பாளோ என்னமோங்கத்தை."

"எத்தன சர்க்கரை போட்டாலும் அது கசப்பு போகாது கண்ணு. இது யாரோ அரளிய தூரத்துல இருந்து பாத்தவங்க கட்டுன கதை."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. நம்ம ஊர்ல அரளி தெரியாத ஆள் உண்டா, வேலி ஓரம் வளரும், பூவ சாமிக்கு மாலையாக் கட்டுவோம், இலையையும் விதையையும் குழந்தைங்க வாயில வைக்காமப் பாத்துக்குவோம். அத்தை சொன்னது பாட்டி வைத்திய அறிவுன்னு வச்சுக்கிட்டாலும், பழைய ஆவணங்களத் தேடிப் பாத்தவங்க சொல்றதும் அதே பக்கம் தான் போகுது. வுட்ரஃப் குடும்பத்து ரெக்கார்டுல க்ளோயின்னோ கிளியோன்னோ ஒரு அடிமையோட பேரே இல்ல. சாரா 1823ல மஞ்சள் காய்ச்சல்ல செத்தாங்க, விஷத்துல இல்ல. புள்ளைங்க அவங்களோட ஒரே ராத்திரில சாகல, அடுத்த வருஷம், 1824ல, ஜேம்ஸ்னு ஒரு பையனும் கொர்னீலியா கேல்னு ஒரு பொண்ணும் போனாங்க. கதைல ரெண்டு பொண்ணுங்கன்னு வருது, நிஜத்துல ஒண்ணு பையன். மேரி ஆக்டேவியான்னு இன்னொரு பொண்ணு நல்லா இருந்து வளந்து பெரியவளாச்சு. பச்சைத் துணி விஷயம் கூட, 1950கள்ல அந்த வீட்டுல சொன்ன கதைல பச்சை தொப்பி போட்ட ஒரு வயசான அம்மா ஆவின்னு தான் இருந்ததாம், அது கைமாறி கைமாறி பச்சை முண்டாசு கட்டுன அடிமைப் பொண்ணா மாறிப் போச்சுன்னு சொல்றாங்க. 1992ல இன்சூரன்ஸுக்காக எடுத்த ஒரு போட்டோல ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஆள் மாதிரி ஒரு நிழல் தெரிஞ்சு, அது போஸ்ட்கார்டு ஆனதுக்கப்புறம் கதைய யாராலயும் புடிச்சு நிறுத்த முடியல.

கதைதானே, விட்டுட்டுப் போன்னு சொல்லலாம். என்னால விட முடியல. எலிசபெத்துன்னு ஒரு பொம்பள, புருஷன் தேசத்துரோகின்னு ஓடிப் போய் வருஷக்கணக்கா புள்ளைங்களோட பென்சில்வேனியால கிடந்து, கடைசில முன்ன பின்ன தெரியாத ஊருக்கு வந்து சேந்து, ஏழே வருஷத்துல புருஷனும் போய், தனியா இருந்து தோட்டத்த நடத்தி, மகள ஒரு வக்கீலுக்குக் கட்டிக் குடுத்து, அந்த மகளையும் பேரன் பேத்தியையும் ரெண்டு வருஷத்துக்குள்ள மஞ்சள் காய்ச்சலுக்குக் குடுத்துட்டு நின்னாங்களே, இதுக்கு மேல என்ன சோகக்கதை வேணும்? அந்த வீட்டு மாடிப்படி ஏறும்போது எனக்கு அவங்க நெனப்பு தான். அத எல்லாம் அழிச்சுட்டு ஒரு கேக் கதைய வச்சுட்டாங்க. இன்னொரு பக்கம், ஆதாரமே இல்லாம ஒரு அடிமைப் பொண்ண குழந்தைங்களுக்கு விஷம் வச்சவளா ஆக்கி, வேற அடிமைங்களே அவளத் தூக்குல போட்டதா சொல்லி, நிஜமா அந்த 650 ஏக்கர்ல பருத்தியும் இண்டிகோவும் (சாயத்துக்கான அவுரி) விளைய வச்சு செத்தவங்க ஒருத்தர் பேரும் யாருக்கும் தெரியாத மாதிரி ஆக்கிட்டாங்க. இது ஒரு கைடு மேலயோ ஒரு இடத்து மேலயோ சொல்ற குறை இல்ல, டிவி நிகழ்ச்சி, புத்தகம், வீடியோன்னு எல்லாரும் சேந்து பல வருஷமா வளத்து விட்ட கதை. பாக்கப் போறவங்க நாமளும் பேய் பேய்னு மட்டும் கேட்டா அவங்க அதத்தானே சொல்லுவாங்க.

இன்னொண்ணு, பத்து கொலை நடந்த வீடுன்னு சில வீடியோல சொல்றாங்க. ஆவணத்துல இருக்கறது ஒரே ஒரு கொலை. ஸ்டெர்லிங் வீட்டு மாப்பிள்ளை வில்லியம் விண்டர், வக்கீல். 1871 ஜனவரி 26ஆம் தேதி குதிரைல வந்த ஒரு ஆளு பேர் சொல்லிக் கூப்பிட, இவரு வராண்டாவுக்கு வெளிய வந்திருக்கார், சுட்டுட்டுப் போயிட்டான். சுட்டது எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெளிவா இல்ல. கதைல அவரு ரத்தத்தோட உள்ள வந்து மாடிப்படில ஏறி பதினேழாவது படில பொண்டாட்டி மடில செத்தார், ராத்திரில அந்தப் படி வரைக்கும் காலடிச் சத்தம் கேக்கும்னு வருது. அந்தக் காலத்து பேப்பர் செய்தில வராண்டாலயே விழுந்து செத்துட்டார்னு தான் இருக்கு. நான் அந்த வராண்டால கொஞ்ச நேரம் நின்னேன். பட்டப்பகல்ல பறவை கத்திக்கிட்டு இருந்தது, பக்கத்துல ஒரு குடும்பம் ராக்கிங் சேர்ல உக்காந்து லெமனேட் குடிச்சிட்டு இருந்தாங்க. நிஜம்னு உறுதியா தெரிஞ்ச சாவு நடந்த இடம் இதுதான், ஆனா எல்லாரும் கேமராவோட நின்னது உள்ள படிக்கட்டுகிட்டயும் ஹால்ல இருக்கற பெரிய கண்ணாடிகிட்டயும் தான். அந்தக் கண்ணாடில சாராவும் புள்ளைங்களும் மாட்டிக்கிட்டு இருக்காங்கன்னு ஒரு கதை, கைரேகை மாதிரி கறை தெரியும். பழைய ரசம் பூசுன கண்ணாடில ரசம் உரிஞ்சா அப்படித்தான் திட்டு திட்டா தெரியும், ஆனாலும் பாக்க நல்லா இருக்கு, அந்தச் சட்டத்துல இருக்கற வேலைப்பாட்டுக்காகவே பாருங்க.

போறவங்களுக்கு சில விஷயம். ரெண்டு டூர்ல ஒண்ணுக்குத்தான் நேரம்னா பகல் டூர எடுங்க, வெளிச்சத்துல தான் சுவர் வேலை, கண்ணாடி எல்லாம் தெரியும். சின்னப் பசங்க இருந்தா சாயங்கால டூர் பத்தி யோசிச்சுக்கோங்க, காது அறுக்கறது தூக்குல போடறது எல்லாம் வருது. உள்ள போட்டோ எடுக்கலாமா கூடாதான்னு டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கோங்க, டிக்கெட் விலையும் டைமிங்கும் மாறிக்கிட்டே இருக்கும், வெப்சைட்ல பாத்துட்டு புக் பண்ணிட்டுப் போங்க, அக்டோபர்ல ஹாலோவீன் சமயத்துல கூட்டம் தாங்காது. மார்ச் ஏப்ரல் நல்லது, கோடைல கிரேப் மிர்ட்டில் பூக்கும் ஆனா அந்த ஊர் புழுக்கம் நம்ம சென்னைக்காரங்களையே அசத்திடும். அங்கயே தங்கலாம், பெரிய வீட்டுக்குள்ள இருக்கற ரூம்களுக்கு பிராட்ஃபோர்டு, வுட்ரஃப்னு பழைய ஆளுங்க பேரு, வெளிய தனி காட்டேஜும் இருக்கு. சாப்பாட்டுக்கு அதே வளாகத்துல ரெஸ்டாரன்ட் 1796ன்னு ஒண்ணு, வீடு கட்டுன வருஷத்தையே பேரா வச்சிருக்காங்க, விறகு அடுப்புல சுட்டுத் தர்றாங்க, அந்தப் புகை வாசத்தோட வந்த காய்கறி அத்தைக்கே புடிச்சுப் போச்சுன்னா பாத்துக்கோங்க. சுத்த சைவம்னா முன்னாடியே சொல்லிடுங்க, லூசியானா சமையல்ல எதுல எத போடுவாங்கன்னு கணிக்க முடியாது.

ராத்திரி தங்கினா ஏதாவது தெரிஞ்சுதான்னு எல்லாரும் கேக்கறாங்க. பழைய மரவீடு, ராத்திரி குளிர்ல பலகை சுருங்கி சத்தம் போடும், அதத்தவிர எனக்கு ஒண்ணும் கேக்கல. அத்தை மட்டும் படுக்கறதுக்கு முன்னாடி திருநீறு பூசிக்கிட்டு பையனுக்கும் பூசி விட்டாங்க, பேய்க்கு இல்ல, இந்த மண்ணுல எத்தன பேரு அநாதையா செத்தாங்களோ அவங்களுக்குன்னு சொன்னாங்க.

கூட ஒரு நாள் டைம் இருந்தா செயின்ட் பிரான்சிஸ்வில் ஊருக்குள்ள கிரேஸ் சர்ச்சையும் பாருங்க, உள்நாட்டுப் போர் நடக்கும்போது வடக்குப் படைக் கப்பல் அதிகாரி ஒருத்தர அடக்கம் பண்றதுக்காக ரெண்டு பக்கமும் துப்பாக்கிய கீழ வச்ச இடம் அது. பக்கத்துலயே ரோஸ்டவுன்னு ஒரு பெரிய தோட்ட வீடு, மாநில அரசு பராமரிக்குது. ஆனா அடிமைங்க கதைய அவங்க பக்கத்துல இருந்து கேக்கணும்னா நியூ ஆர்லியன்ஸ் போற வழில எட்கார்டுல இருக்கற விட்னி பிளான்டேஷனுக்குப் போங்க. 2014ல தொறந்தது, அங்க சுவர் சுவரா அடிமைங்க பேரு செதுக்கி வச்சிருக்காங்க. மிர்ட்டில்ஸ் பாத்த கையோட அதையும் பாக்கணும், என்னைக் கேட்டா அத ஒரே ட்ரிப்பாவே பிளான் பண்ணுங்க.

பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிராட்ஃபோர்டு விட்டுட்டு ஓடுன அந்த 1788 கல் வீடு வாஷிங்டன் ஊர்ல மெயின் ஸ்ட்ரீட்லயே இன்னும் நிக்குது, மியூசியமா வச்சிருக்காங்க, பிட்ஸ்பர்க்ல இருந்து அரை மணி நேரம் தான். ஜூலைல அங்க விஸ்கி கலவரத்துக்குன்னே தெருவ அடைச்சு திருவிழா நடத்துறாங்க, பழைய யூனிஃபார்ம்ல ஆளுங்க வந்து கலவரத்த நடிச்சுக் காட்டுவாங்க. அக்கா ஒருத்தங்க அந்தப் பக்கம் இருக்காங்க, அடுத்த ஜூலைக்கு அங்க போறதுன்னு பேசி வச்சிருக்கோம், போனா அந்த வீட்டப் பத்தியும் எழுதறேன்.